மேசைக்கு அடியில் இருந்த மரச்சில்லு

சனி

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு மழை, லோரி வந்த அதே நேரத்தில். அண்ணனின் பேண்ட்சா, மரம் அறுக்கும் மெஷின், கார் போர்ச்சில் இறங்கியது. மேலும் கீழும் இரண்டு சக்கரம், அவற்றில் பட்டையாக ஓடும் ரம்பம், நடுவில் இரும்பு மேசை. என் தோள் உயரம். துரு, எலிப் புழுக்கை, மரத்தூள். கிள்ளான் பட்டறையை அண்ணி காலி செய்கிறார். நான் கேட்டிருக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

ஒரே நிபந்தனை. அண்ணன் சாமி மேடைக்கு இரண்டு தாங்கிகள் செய்ய ஒரு நியாத்தோ பலகையில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். அறுக்கவில்லை, அதற்குள் போய்விட்டார். "அத மட்டும் அறுத்துக் குடுத்துடுங்க தம்பி. வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வருஷத் திதி. அவரு படத்த அந்த மேடையிலதான் வைக்கணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

மனைவி உமா வாசலில் நின்று பார்த்தாள். "இருந்தப்ப ஆறு வருஷம் பேசல. இப்ப மெஷின் மட்டும் வேணுமாக்கும்."

ஆறு வருடம் ஏன் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணனின் மூத்த மகள் கல்யாணத்தில், மண்டபம் முழுக்க ஆட்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என் தம்பி படிச்ச ஒவ்வொரு எழுத்தும் நான் அறுத்த மரம்." கை தட்டினார்கள். நான் இலையில் உட்காரவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் போனில் அவர் எண்ணைத் தடுத்துவிட்டேன்.

ஞாயிறு

வெயில். பிரித்தாயிற்று.

- மேல் சக்கர ரப்பர்: வெடிப்பு. மாற்ற வேண்டும்.
- பேரிங் இரண்டு: ஒன்று கரகரக்கிறது.
- பிளேடு: துரு. 
- மோட்டார்: நல்லது. ஆச்சரியம்.
- பச்சைப் பெயின்டுக்குக் கீழே சாம்பல் பெயின்ட். அதற்கும் கீழே குங்குமக் கறை, வருடா வருடம் பூஜைக்கு வைத்தது. சுரண்டினாலும் போகவில்லை.

வேலை செய்துகொண்டே பழைய கணக்கெல்லாம் மனதில். வேலையை விட்டு என்னை அனுப்பிய இரண்டு பேர், பெயரோடு. பிறகு அண்ணனின் சாவு நாள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தூரத்துச் சொந்தக்காரர் பார்த்து, "இங்க உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். கிள்ளான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு இரண்டும் பெண்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் நான். மருமகன் வைத்திருந்தான். புது மொட்டையோடு எனக்குக் காப்பி கொடுத்தான்.

திங்கள்

இரவெல்லாம் மழை, காலையில் ஈரம். மேசையின் இடது பக்கம், அடியில், ஒரு மரச்சில்லு செருகியிருந்தது. விரல் நீளம், ஒரு முனை மெலிந்தது, கறுப்பு டேப் சுற்றி, எண்ணெய்ப் பிசுக்கு. அது இருக்கும்போதே மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். மேசை இடது பக்கம் ஒரு மயிரிழை தூக்கல். உருவி எடுத்துவிட்டுப் பார்த்தேன். கச்சிதம், தொண்ணூறு டிகிரி.

இதுதான் அண்ணன் வேலை. அளக்காமல் எதையாவது செருகுவது. இருபத்தாறு வருடம் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் அளவு சரிபார்த்தவன் நான். சில்லைக் குப்பைப் பையில் போட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

செவ்வாய்

குப்பை லோரி ஏழு மணிக்கே வந்துவிட்டது. பால் வாங்க வேண்டும். தண்ணீர் பில்.

கிள்ளான். பிளேடு, ரப்பர், பேரிங். பிளேடு கடைச் சீனக் கிழவர் அளவைப் பார்த்ததுமே யாருடைய மெஷின் என்று சொல்லிவிட்டார். தம்பி என்றேன். அண்ணனுக்குத் தம்பி இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. படித்த தம்பி என்றார், மலாயில். பிறகு கேட்டார்: "மேஜா மாசே கோயாங் கா, போஸ்?" மேசை இன்னும் ஆடுகிறதா என்று.

சரி செய்துவிட்டேன் என்றேன்.

வியாழன்

மேகமூட்டம். நேற்று அடித்த பெயின்ட் காய்ந்திருந்தது. பூட்டி முடித்தேன். சுவிட்ச் போட்டதும் ஒரு முனகல், பிறகு சீரான சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தெருமுனையிலேயே கேட்கும் சத்தம் இது. அப்போது அண்ணன் வேறு ஒருவர் பட்டறையில் கூலி. முதல் மெஷினை அவர் சொந்தமாக வாங்கியது நான் டிப்ளோமா முடித்த வருடம்.

இதை ஏன் எழுதினேன்.

வெள்ளி

வெயில். முதல் தாங்கியை அறுத்தேன். பென்சில் கோட்டை விட்டு விலகவில்லை, வளைவு அருமையாக வந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் கோட்டுக்கு உள்ளே போய்விட்டது. வெட்டு முழுக்கச் சாய்வு. சுவரில் வைத்தால் ஒரு பக்கம் காற்று போகும். மேடை உட்காராது.

மறுபடி மூலைமட்டம். தொண்ணூறு. புரியவில்லை. பலகையை மேசையில் வைத்து, அறுக்கும்போது அழுத்துவதுபோல் இடது கையால் அழுத்திக்கொண்டு, வலது கையால் மட்டத்தை வைத்தேன். மேசை இடது பக்கம் தாழ்ந்தது. கீழே தாங்கும் வார்ப்பிரும்பில் பழைய விரிசல். பெயின்டுக்கு அடியில், நானே பெயின்ட் அடித்த இடத்தில்.

நான் வெறும் மேசையை அளந்திருக்கிறேன். அவர் மரம் வைத்து, கை வைத்து அளந்திருக்கிறார்.

குப்பைப் பையைத் தேடிப் போய், செவ்வாய்க்கிழமையே போய்விட்டது என்று நினைவு வந்து, வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ஆன்டி ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார்.

சனி

சாய்ந்த தாங்கியை எடுத்துக்கொண்டு கிள்ளான் போனேன். மறைக்க மனமில்லை, சில்லை எறிந்ததையும் சொன்னேன். அண்ணி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். கோபமில்லை. அந்தச் சில்லைச் செதுக்க அண்ணனுக்கு ரெண்டு நாள் ஆனதாம், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து.

பிறகு சொன்னார், திதி கொடுக்க நான் உட்கார வேண்டும் என்று. "மருமகன் நல்ல பையன்தான். ஆனா நீங்க இருக்கீங்கள்ல."

ஒரு வருடமாகத் தேக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அண்ணி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "சொல்லலையா? பதினொரு தடவ அடிச்சேன் தம்பி. என் நம்பர் உங்களுக்குத் தெரியாது. அதான் அவரு போன்லேருந்தே அடிச்சேன். அண்ணன்தான் கூப்புடுறாருன்னாவது எடுப்பீங்கன்னு. ரெண்டு மணி வரைக்கும் தூக்க விடல."

"போன் கெட்டுப்போயிருந்துச்சு அண்ணி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். டீ போட எழுந்து போனார்.

எப்படிக் கார் ஓட்டி வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டைத் தாண்டி பங்சார் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஞாயிறு

தூறல். கெட்டுப்போன தாங்கியிலிருந்தே ஒரு சில்லு வெட்டினேன். தேய்ப்பது, செருகுவது, மரம் வைப்பது, அழுத்துவது, பார்ப்பது. காலை எட்டிலிருந்து மதியம் வரை. உமா சாப்பாட்டைப் போர்ச்சுக்கே கொண்டு வந்து வைத்தாள்.

நான்கு மணிக்கு இரண்டாவது தாங்கி. மேலும் கீழும் ஒரே கோடு. அதை வைத்து வரைந்து, என்னிடமிருந்த மெராந்திப் பலகையில் ஜோடி அறுத்தேன். நிறம் கொஞ்சம் வேறு. பார்த்தால் தெரியும்.

கை கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். தடுத்த எண்கள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தடையை எடுத்துவிட்டு அந்த எண்ணுக்கே அடித்தேன். நான்காவது மணியில் அண்ணி எடுத்தார்.

"இந்த போன்ல உங்க பேரு வந்து நான் பார்த்ததே இல்ல தம்பி."

தாங்கி இரண்டும் தயார் என்றேன். பிறகு, "அன்னிக்குப் போன் கெட்டுப்போகல அண்ணி. அண்ணன் நம்பர நான்தான் வராம பண்ணி வச்சிருந்தேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தம். பிறகு அதுவும் நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழம ஏழரைக்கு ஐயர் வந்துடுவாரு. வந்துடுங்க."

உட்காரவா, சும்மா வரவா என்று நான் கேட்கவில்லை.