அந்த ஜீப்பை வாங்க வேண்டாம் என்றதற்குக் காரணம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பா கையில்தான் இருக்கிறது, நான் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இது. தனியாக இருக்கும்போது படி.

அப்பாவும் மகனுமாக ஜீப் வாங்கப் பேசி முடித்தது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அது மழை நிலவரம் இல்லை என்று எனக்குப் புரியாதா. பாதிப் பணம் நீ அனுப்புவதாகச் சொன்னதையும், வாங்கியதும் வேலையில் இருந்தபோது அவர் பாலம் கட்டிய மலைப் பாதைக்கே ஓட்டிக்கொண்டு போகப் போவதையும் சாப்பிடும்போது அவரே உளறிவிட்டார். உன்னைவிட வயதில் மூத்த டீசல் வண்டி, விற்கிறவர் ஒரு கல் குவாரி முதலாளி. நன்றாக ஓடுகிற வண்டியை யாராவது விற்பார்களா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்கக் கிளம்பியதும் நானும் செருப்பை மாட்டினேன். நீ எதுக்கு, உனக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும் என்றார். இன்ஜினைப் பத்தித் தெரியாது, விக்கிறவங்களைப் பத்தித் தெரியும் என்றேன்.

குவாரிக்காரர் ஷெட்டில் வண்டி பச்சைப் பெயின்ட்டில் பளபளவென்று நின்றது. எனக்கு அந்தப் பளபளப்பே பிடிக்கவில்லை, வயசான வண்டிக்கு எதற்கு இவ்வளவு பூச்சு. ரப்பர் மேட்டைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று பார்த்தேன், நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறாரா என்று பானட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சார், அம்மா வண்டி வாங்க வந்தாங்களா, என்னைக் கைது பண்ண வந்தாங்களா என்று குவாரிக்காரர் சிரித்தார். பணம் கொடுத்த பிறகு பாத்து என்னங்க பண்றது, அதான் இப்பவே பாத்துக்கறேன் என்றேன். துரு இல்லை, சூடு இல்லை, ஒரு சொட்டு ஆயில் இல்லை. அதுவே எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அப்பா ஏறி ஸ்டார்ட் செய்தார், ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. நான் பக்கத்து சீட்டில். ஷெட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார், நன்றாகத்தான் ஓட்டினார், பழகின கை, அதில் குறை சொல்ல மாட்டேன். திரும்பி வந்து நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்தார். இன்ஜின் நிற்கவில்லை. சாவி அவர் கையில் இருக்கிறது, வண்டி கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மறுபடி போட்டுத் திருப்பினார், எடுத்தார், மறுபடி போட்டார். யோவ், ஒயரிங்கே சரியில்லாத வண்டியை என் தலையில கட்டப் பாக்கறியா என்று கத்திவிட்டார். அப்பா யாரையாவது அப்படிப் பேசி நீ கேட்டிருக்கிறாயா. குவாரிக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏன் சார், இதுக்கு முன்னாடி டீசல் வண்டியே ஓட்டினதில்லையா என்று கேட்டார்.

உனக்குத் தெரிந்திருக்காது, அந்தக் காலத்து டீசல் வண்டி சாவியைத் திருப்பினால் நிற்காது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதை இழுத்துப் பிடித்தால்தான் இன்ஜினுக்கு டீசல் போவது நின்று அடங்கும். நான் எட்டி அதை இழுத்தேன், அடங்கியது. அப்படிப் போடுங்க, அம்மாதான் டிரைவர், சார் கிளீனர் என்றார் குவாரிக்காரர். நானும் சிரித்துவைத்தேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, இது உனக்கு எப்படித் தெரியும் என்றார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். பாலம் வேலை நடந்தபோது ஆபீஸ் ஜீப்பை அவரேதான் ஓட்டுவார், நீ கைக்குழந்தை, என் மடியில் தூங்கிக்கொண்டு வருவாய். வாசலில் நிறுத்தியதும், மெதுவா இழு, புள்ள முழிச்சுக்கப் போறான் என்பார், நான்தான் இழுப்பேன். விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. டிவியில பாத்தேங்க என்றேன். குவாரிக்காரரிடம், இவரு ஓட்டினதெல்லாம் புது மாடல், அதான் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

வீடு வரும் வரைக்கும் அந்த ஆள் மோசடிக்காரனாக இருந்துவிடக் கூடாதா, நாங்கள் வருவதற்கு முன்னால் எதையாவது மாற்றி வைத்திருக்கக் கூடாதா என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்னொருத்தர் கெட்டவராக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. மறுநாள் கடைக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய், வண்டியில் அடித்திருக்கிற நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. அவர் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, கேட்காத பேப்பரையும் எடுத்துக் காட்டினார். நேர்மையான மனுஷர், நான் என்ன செய்வேன். மருந்துக் கடைக்காரர் ஒரே மாத்திரைக்கு ரெண்டு பில் போட்டுவிட்டார் என்று சண்டை போட்டேனே, அந்த ரெண்டாவது பில்லின் மாத்திரைப் பெட்டி இப்போது அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் கிடைத்தது. அவரே ரெண்டு தடவை வாங்கியிருக்கிறார். இந்தக் குமிழை மறந்தவர் மலை இறக்கத்தில் எதை மறப்பாரோ.

அப்பாவிடம் நம்பர் ஒத்துவரவில்லை, திருட்டு வண்டி போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு நல்லவர் மேல் பழி போட்டது பாவம்தான், அதைக் கடவுளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உனக்கு யாரைத்தான் நம்பத் தோணும், உன் கண்ணுக்கு எல்லாருமே திருடன்தான் என்று கத்திவிட்டு, அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். சந்தேகப் பிராணி என்று இந்த வீட்டில் எனக்கு எப்போதோ பெயர் வந்துவிட்டது, இப்போதாவது அது உதவட்டும். நான் சந்தேகப்படுவது குவாரிக்காரரை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நீ பணம் அனுப்பாதே. விசாரித்துப் பார்த்தேன், அம்மா சொல்வது சரிதான் என்று நீயும் அப்பாவிடம் சொல். லீவு கிடைத்ததும் வா. நான் கூப்பிட்டால் அப்பா டாக்டரிடம் வர மாட்டார், உனக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு வாங்க என்று கூப்பிட்டால் உடனே சட்டையை மாட்டிக்கொள்வார். ஒன்றும் இல்லை, வயசுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் நானே குவாரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, என் நகையை வைத்தாவது அந்த வண்டியையே வாங்கித் தருகிறேன்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நல்ல ஆயுசோடு இரு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே. இதைப் படித்ததும் போன் செய், ஆனால் இதைப் பற்றிப் பேசாதே. நான் எழுதுவதை அப்பா பார்த்துவிட்டார், அம்மா என்ன எழுதியிருந்தா என்று கட்டாயம் கேட்பார். வண்டியைப் பத்திக் கன்னாபின்னான்னு திட்டி எழுதியிருக்காங்க என்று சொல். நம்பிவிடுவார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா