வினைச்சொல்லின் இடம்

ஜூன் 4

அன்புள்ள பேச்சுக்காரிக்கு,

உங்கள் சங்கத் தலைவருக்கு நீ எழுதிக் கொடுத்த பேச்சைப் பேப்பரில் படித்தேன். "கேட்கவில்லை நாம் சலுகை. கேட்கிறோம் கூலி." பழக்கதோஷம், பென்சிலை எடுத்து வினைச்சொற்களையெல்லாம் கடைசியில் உட்கார வைத்துவிட்டேன். பேச்சு சப்பென்று ஆகிவிட்டது. அச்சகத்தில் பிழை பார்க்கிறவன் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாய்.

ஒரு குறை. ஒவ்வொரு கடிதத்தையும் "வருகிறேன்" என்று முடிக்கிறாய். விடைபெறும் சொல்தான், தெரியும். ஆனாலும் கண் வாசலுக்குப் போய்விடுகிறது. சங்கத் தேர்தல் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றாய். முடிந்துவிட்டதே.

உன்,
பிழைதிருத்தி

ஜூன் 15

அன்புள்ள பிழைதிருத்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாச் சொல்லையும் ஒழுங்காக வரிசையில் நிறுத்தியிருக்கிறேன்.

தலைவர் நேற்றுக் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் இரும்மா. நீ போயிட்டா எனக்குப் பேச்சே வராது" என்றார். பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். இங்கேயே இருப்பதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று கேட்ட அவரிடம், உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டே, யோசிக்கிறேன் என்றேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வருகிறேன்.

உங்கள்,
பேச்சுக்காரி

ஜூன் 22

என் பேச்சுக்காரிக்கு,

அந்த நீண்ட வாக்கியத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இருக்கிறாயா, வருகிறாயா என்று தெரிய, கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தவனுக்கு "யோசிக்கிறேன்" கிடைத்தது. நல்ல ஆள் நீ.

அங்கே இருந்தால் இன்னும் பெரிய ஆளாவாய். தடுக்கமாட்டேன். ஆனால் நீ இல்லாத இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எதுவானாலும் அடுத்த கடிதத்தில் வினையை முதலில் போடு. சத்தியமாகத் திருத்தமாட்டேன்.

உன்,
பிழைதிருத்தி

ஜூலை 1

வருகிறேன்.

அன்புள்ள உங்களுக்கு,

இருங்கள், பென்சிலை எடுக்காதீர்கள். வழக்கம்போலக் கீழே எழுதினால் விடைபெறுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் உங்களுக்கும் மேலே தூக்கி வைத்துவிட்டேன்.

தலைவரிடம், "வீட்லேருந்து எழுதி அனுப்பட்டுமாய்யா?" என்று கேட்டேன். "சரிப்படாதும்மா, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அழுதேன் நான், கொஞ்சம். பிடித்த வேலை. ஆனால் பிடிக்கவில்லை எனக்கும், நீங்கள் இல்லாத இந்த அறை.

வந்து நில்லுங்கள் ஸ்டேஷனில், சனிக்கிழமை காலை. கனக்கும் பெட்டி.

உங்கள்,
பேச்சுக்காரி