அப்பா பெயருக்கு வந்த அழைப்பு

ஹார்லன் ஃபெர்ரி, ஓக்லஹோமா
மே 21, ஞாயிறு

மார்லா கண்ணுக்கு அம்மா எழுதுவது,

ஜப்பானில் கடற்படைக் கப்பலில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் தம்பியும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, ஆனால் சமைக்கிறேன், சாப்பிடுகிறோம், நான் பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போகிறேன், கோல்பி வகுப்புக்குப் போகிறான், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாவதோடு நின்றவள் எழுதுவது உனக்குப் பழக்கம்தானே. போனில் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், நீ பேசும்போதெல்லாம் கப்பலில் ஏதோ மணி அடிக்கிறது, யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். இதை விழுங்க முடியவில்லை.

அப்பா போய் மூன்று மாதம் முடிந்தது. அடக்கத்தன்று அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களில் இன்னும் நான்கு என் அலமாரியில் இருக்கின்றன, அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, யாருடையது என்று தெரியும், கொண்டுபோய்க் கொடுக்கத்தான் தெம்பு இல்லை. கொடுக்கப் போனால் உள்ளே வா என்பார்கள், உட்கார் என்பார்கள், எப்படி இருக்கிறாய் என்பார்கள். போகட்டும். தக்காளிச் செடி வைத்தேன், ஆறில் நான்கு பிழைத்தது. அப்பாவின் பிக்கப் வண்டியை ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஓட விட்டு அணைக்கிறேன், பேட்டரி போய்விடக் கூடாது என்று கோல்பி சொன்னான், அந்தச் சத்தம் கேட்டால் நம் நாய் இன்னும் வாசலுக்கு ஓடிப் போய் நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ சொன்னாயே, காசு நான் அனுப்புறேன், தம்பியை ஜூலைல ஜார்ஜியால காலேஜ் கோச்சுங்க வந்து பசங்க ஆட்டத்தைப் பார்க்கிற பேஸ்பால் ஷோகேஸுக்கு அனுப்பும்மா, அப்பா இருந்திருந்தா அனுப்பியிருப்பாருன்னு. அன்றைக்கும் சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் போனை வைத்தேன். நீ சொன்னதில் தப்பில்லை, அப்பா இருந்தால் அனுப்பித்தான் இருப்பார், இருக்கிற எல்லாவற்றையும் அடகு வைத்தாவது அனுப்பியிருப்பார். கோல்பிக்கு அடுத்த வருஷம் பள்ளி முடிகிறது, ஏதாவது ஒரு கல்லூரிக்காரன் அவன் பந்து வீச்சைப் பார்த்து எடுத்துக்கொண்டால்தான் அவன் படிப்பு, இல்லாவிட்டால் அப்பா வேலை பார்த்த அதே தீவன ஆலையில் அதே மூட்டை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் இரண்டு வாரமாக நெஞ்சில் கல் மாதிரி இதைச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

தெரிந்தவர்களைக் கேட்டேன். முதலில் ஜோலீனிடம், என்னோடு சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கிறாளே, அவளிடம். அவள் மகன் ட்ராவிஸை ஆறு ஷோகேஸுக்குக் கூட்டிப் போனவள். அவள் சிரித்துவிட்டு, ஆறு ஊருக்குப் போனோம் நடீன், ஆறு டி-ஷர்ட் வந்துச்சு, இப்போ அதை மாட்டிக்கிட்டுத்தான் டயர் கடைல வேலை பார்க்கிறான், ஒண்ணும் வீணாப் போகல என்றாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பேரே ஷோகேஸ்னு சரியாத்தான் வச்சிருக்கான், கடைக் கண்ணாடி முன்னாடி நிக்கிறவன் எல்லாம் வாங்கவாடி வர்றான் என்றாள், அப்போது அவள் சிரிக்கவில்லை. தம்பியின் பள்ளிக்கூட கோச் ஹஃப்பையும் கேட்டேன். அவர் யாரையும் குறை சொல்கிறவர் இல்லை, உனக்குத் தெரியும். ஒரு காலேஜ் கோச் ஏற்கனவே போன் பண்ணி, அங்க வர்றேன், பையனைப் பார்க்கணும்னு சொல்லியிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் போங்கம்மா, யாரும் கூப்பிடாம போனா கூட்டத்துல ஒரு நம்பரா நிப்பான், அவ்வளவுதான் என்றார். தொண்ணூறு மைல் வேகத்தில் போடுகிற பையன்களுக்கு அங்கே போய் வழி பிறந்திருக்கிறதாம், அதையும் அவரேதான் சொன்னார். நம் கோல்பி எண்பத்தொன்று. இடது கை, பந்து வளைந்து விழும், ஆனால் எண்பத்தொன்று. கோல்பியை யாராவது கூப்பிட்டிருக்கிறார்களா என்று நானே கேட்டேன். இன்னும் இல்லம்மா என்றார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. செத்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார், எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

இத்தனை கேட்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, ஏனென்றால் கோல்பி போக வேண்டும் என்றே இருந்தான். வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் நாட்காட்டியில் அந்த ஜூலைத் தேதியைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தான். பென்சிலால் போட்டானே, அழிக்க வசதியாக, அதுதான் என்னைக் கொன்றது. அப்பா போன பிறகு அவன் பின்கட்டில் பந்து போடுவதைப் பார்க்க முடியவில்லை. அப்பா உட்கார்ந்து பிடிப்பாரே அந்த வெள்ளைப் பெயிண்ட் வாளி, மூடி மேல் பழைய மெத்தைத் துண்டை டேப் போட்டு ஒட்டியிருப்பாரே, அது அங்கேயே கவிழ்ந்து கிடந்தது, இவன் அதன் மேல் படாமல் பக்கத்தில் இருக்கிற கொட்டகைச் சுவரில் போட்டுக்கொண்டிருந்தான். சுவரில் ஒரு பலகை பெயர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு பெரிய உறை வந்தது, மேலே ராய்ஸ் டாக்கெட் என்று அப்பா பெயர். ஆஸ்பத்திரிக்காரன் இன்னும் எதற்கோ பில் அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிரிக்கப் பயந்து மேசையில் வைத்துவிட்டேன், கோல்பி வந்து பிரித்தான், எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தான். அன்புள்ள ராய்ஸ், சென்ற ஆண்டு டாலஸில் உன் ஆட்டத்தை எங்கள் தேர்வாளர்கள் மிகக் கவனமாகப் பார்த்தார்கள், உன் கை வலிமையும் உன் வேகமும் அவர்களைக் கவர்ந்துவிட்டன, நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர்களில் ஒருவனாக உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், ஜார்ஜியாவுக்கு வா, இடங்கள் சிலவே, கட்டணத்தை உடனே கட்டு. நான் ஒன்றும் புரியாமல் நிற்கிறேன். கோல்பி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் பெற்றோர் பெயர் என்ற இடத்தில் கோல்பி டாக்கெட் என்று அச்சடித்திருந்தது. அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. போன கோடையில் டாலஸில் நடந்த ஷோகேஸுக்குத் தம்பியைக் கூட்டிப் போனபோது வண்டி முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து, கண்ணாடி இல்லாமல், அப்பாதான் பதிவுப் படிவத்தை நிரப்பினார். எந்தப் படிவத்தைக் கண்டாலும் முதல் கட்டத்தில் தன் பெயரை எழுதுகிறவர்தானே. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதும் அப்படித்தான் எழுதிவிட்டு வந்தார், டீச்சர் ராய்ஸ் ராய்ஸ் என்று கூப்பிட, நீ பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா, ராய்ஸ்னு ஒரு பையன் வரவே இல்ல, டீச்சர் பாவம் என்றாய்.

கோல்பி சிரித்தான் மார்லா. அடக்கத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பாவையே செலக்ட் பண்ணிட்டாங்கம்மா, என்னைத்தான் விட்டுட்டாங்க என்றான். நானும் சிரித்தேன், சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை, மாவுக் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் அவன் படியில் போய் உட்கார்ந்துகொண்டு, அவங்க யாரையும் பார்க்கவே இல்லம்மா என்றான், கோபமாகக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எனக்கு அங்க போகணும்னு ஒண்ணும் இல்ல, ஆனா போகலன்னா அப்பாவை ஏமாத்தின மாதிரி இருக்கு என்றான்.

அப்போது நான் அவனுக்கு ஒன்று சொன்னேன், உனக்கும் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. டாலஸிலிருந்து வந்த மறுநாள் அப்பா என்னிடம், இருநூறு பசங்க நடீன், அதுல இடது கை மட்டும் நாப்பது இருக்கும், நம்ம பையனை இருபது பந்து போடச் சொன்னாங்க, ஒருத்தன் குறிச்சுக்கிட்டான், முடிஞ்சுது என்றார். சரி, காசு போச்சு என்று நான் சொன்னேன், கொஞ்சம் கடுப்பாகத்தான் சொன்னேன், கடவுள் என்னை மன்னிக்கட்டும். போகலடி, போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், அந்தப் பய என்கிட்ட வாய் மூடாம பேசிக்கிட்டே வந்தான், வீட்டுல ஒரு வருஷமா பத்து வார்த்தை பேசினானா, அதுக்கே அந்தக் காசு தகும் என்றார். இதைச் சொன்னதும் கோல்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்து உள்ளே போய் நாட்காட்டியில் அந்த வட்டத்தை அவனே அழித்தான்.

அதனால் என் பதில் இதுதான் மகளே, காசு அனுப்பாதே. அந்த ஷோகேஸில் காசுக்குத் தகுந்தது அந்த வண்டிப் பயணம்தான், ஓட்டினவர் போய்விட்டார், நான் பெரிய சாலையில் வண்டி ஓட்டமாட்டேன், ஜோலீன் கூட்டிப் போகிறேன் என்றாள், அது அதே ஆகாது. இது சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை அங்கே நின்றிருக்கக்கூடிய யாரோ ஒரு கோச் இவனைப் பார்க்காமலே போய்விடலாம், அந்தப் பழி என் தலையில்தான். ஆனால் இன்னொன்றும் நடந்தது. வியாழக்கிழமை கோல்பி அவனாகவே நூறு மைல் தள்ளி இருக்கிற இரண்டு வருஷக் கல்லூரி கோச்சுக்குப் போன் போட்டான், கோச் ஹஃப் நம்பர் கொடுத்திருக்கிறார். நான் சமையலறையில் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தக் கோச், ஜூலை எட்டாம் தேதி காலைல வா தம்பி, காசெல்லாம் வேணாம், நானே உக்காந்து பார்க்கிறேன், ஆனா கோடைல எங்க பசங்க எல்லாம் ஊருக்குப் போயிருப்பாங்க, உன் பந்தைப் பிடிக்க ஒரு ஆளை நீயே கூட்டிட்டு வந்துடு என்றாராம். கோல்பி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பிடிக்க ஆள்.

மார்ச்சில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை, ஜூலையில் விடுப்பு எடுத்து வர டிக்கெட்டுக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. நீ தருகிறேன் என்கிறது அந்தக் காசுதான் என்று கேட்டதுமே புரிந்தது. அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நீ அதை இப்படிக் கொடுத்துத் தீர்க்கப் பார்க்கிறாய். கப்பல் நடுக்கடலில் நின்றால் நீ என்ன செய்வாய், அதற்கு யாரும் உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நான் சொல்லவே இல்லை, உன் அப்பா சொல்லியிருக்கவே மாட்டார். பள்ளியில் நான்கு வருஷம் பந்து பிடிக்கிற கேட்சராக முட்டி தேய உட்கார்ந்தவள் நீ, இந்தத் தெருவிலேயே அவன் பந்தைப் பயப்படாமல் பிடிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். காசை அனுப்பாதே, நீ வா. நூறு மைல் அவனை அப்பா வண்டியில் கூட்டிப் போ, பேசினால் கேட்டுக்கொள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. கோச் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலும் திரும்பி வர இன்னொரு நூறு மைல் இருக்கிறது.

உன் பழைய கையுறையைத் தம்பி பரணிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு, நடுவில் பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். வாளியையும் நிமிர்த்தி, கழுவி, வண்டிப் பின்னால் வைத்துவிட்டான்.

முட்டியைப் பார்த்துக்கொள், அங்கே இரும்புப் படி ஏறி இறங்குகிறாய் என்று சொன்னாய். நேரத்துக்குச் சாப்பிடு, காப்பியில் வயிற்றை நிரப்பாதே. விடுப்புக் காகிதத்தை நாளைக்கே கொடுத்துவிடு, அதில் முதல் கட்டத்தில் உன் பெயரைத்தான் எழுத வேண்டும், நீ அப்பா மகள், அதனால் சொல்கிறேன். வருகிற நாள் தெரிந்ததும் ஒரு வரி போடு, அதற்குள் அந்த நான்கு பாத்திரத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், நீ வரும்போது அலமாரியில் அவை இருக்க வேண்டாம். கடவுள் உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காப்பாற்றட்டும், என் ஆசி எப்போதும் உன் தலைமேல்.

இப்படிக்கு
உன் அம்மா
நடீன்

அந்தக் கடிதத்தை எறிய மனம் வரவில்லை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயது மனுஷனை நாட்டின் சிறந்த வீரன் என்று எழுதியிருக்கிறார்கள், அவர் பார்த்திருந்தால் ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்திருப்பார்.