சுற்றிக்கொண்டு வரும் பூ

என் ராஜிக்கு,

நம் ஆங் மோ கியோ பேட்டையில் காலையிலிருந்து மழை. காரிடாரில் நீ வைத்த கறிவேப்பிலைச் செடி நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் நன்றாக இல்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

அமெரிக்காவிலிருந்து குமரன் மறுபடியும் கூப்பிட்டான். "அங்க தனியா என்னப்பா பண்றீங்க? ஃப்ளாட்டை வித்துட்டு இங்க வந்துடுங்க லா. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றான், அங்கே போயும் நம்மூர் 'லா'வை விடாமல். பெற்ற அப்பனுக்கே கெடு வைக்கிறான், பார்த்தாயா? உன் பிள்ளையல்லவா!

அவனைப் பார்க்கப் போனபோது மலைக்குக் கூட்டிப்போனானே, அந்த ஓடை நினைவிருக்கிறதா? மூச்சு வாங்க ஏறிக்கொண்டே, "தண்ணியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்? நம்ம ப்ளாக் பின்னாடியே கால்வாய் ஓடுதே" என்று புலம்பினேன். நீ முதுகில் ஒன்று வைத்தாய். மேலே போய்ப் பார்த்தால், மலை முகட்டில் ஒரே ஓடை இரண்டாகப் பிரிந்து ஓடியது. ஒரு கிளை மேற்கே பசிபிக் கடலுக்கு, இன்னொன்று கிழக்கே அட்லாண்டிக் கடலுக்கு என்றான் குமரன்.

ஆளுக்கொரு காட்டுப்பூவைப் பறித்துச் சேர்ந்தே போட்டோம். என் பூ மேற்கே திரும்பியது. உன்னுடையது கிழக்கே போய்விட்டது. என் முகம் சுருங்கிவிட்டது. நீயோ கைதட்டிச் சிரித்தாய். "உங்க பூ நேரா நம்ம ஊர்ப்பக்கம் வந்துடும். முன்னாடி போய்ச் சோறு வைங்க. நான் உலகத்தைச் சுத்திக்கிட்டு வர்றேன்!"

நம் வீட்டு வழக்கம்தான் அது. வேலை முடிந்து முதலில் வருகிறவர் சோறு வைக்க வேண்டும், மற்றவர் வரும்வரை குக்கர் மூடியைத் திறக்கக்கூடாது. பாதி நாள் பசியில் உன்னைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன் அஸ்தியைக் கடலில் கரைத்தபோதும் அந்தப் பூதான் கண்ணில் நின்றது. அன்றிலிருந்து குக்கரைத் தொடவே இல்லை. கோப்பிக் கடையில் எதையோ விழுங்கிவிட்டு வருகிறேன். போன வாரம் தேக்கா சந்தையில் பூக்காரம்மா பழக்கதோஷத்தில், "அக்காவுக்குத்தானே, அண்ணே?" என்று மல்லிகையை எடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். பிறகு அதை உன் படத்துக்குப் போட மனமே வரவில்லை.

இன்று ஞாயிறு. வரவில்லை என்று குமரனிடம் சொல்லிவிட்டேன்.

"ஏன்ப்பா?"

"உங்கம்மா சுத்திக்கிட்டு வர்றேன்னாளே. வந்து வீடு பூட்டிக்கிடந்தா எங்கடா போவா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிப்பா. சோறு வைங்க" என்றான்.

வைத்துவிட்டேன், ராஜி. இரண்டு பேருக்கு. கொதிக்கிற சத்தம் கேட்கிறது, எத்தனை நாளாயிற்று இந்த வீட்டில் அது கேட்டு!

நீ மெதுவாகவே வா. இனிமேல் எந்த நாளும் சோறு வைக்காமல் இருக்க மாட்டேன். பசித்தால் உன்னைத் திட்டுவேன். மூடியைத் திறக்க மட்டும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன்.

முன்னாடி வந்து உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்