எதிர் வீட்டு ஐந்து சவரன்

அக்கா,

இன்று மதியம் எங்கள் அலுவலகத்தில் யாரோ சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். மணலி சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளின் புகை நாள் முழுக்க வந்து விழுகிற அறை எங்களுடையது. அந்தப் புகையையும் மீறி வஞ்சிரம் வறுவல் வாசனை என் மேஜை வரை வந்துவிட்டது. படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் வஞ்சிரமா, யாருக்கடா இவ்வளவு கொழுப்பு என்று தலையைத் தூக்கினேன். அதற்குள் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு வருகிற முதல் தடைக்காலம் இது. அதற்கப்புறம் என்னால் சாப்பிட முடியவில்லை.

உன்னை ஒருநாளும் நான் 'நீங்க' என்று கூப்பிட்டதில்லை. இப்போது மடலில் மட்டும் மரியாதை காட்டினால், "இன்னாடி, யாருக்கு எழுதிகினு கீறே?" என்று நீயே கேட்பாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நம் சந்தின் வழக்கத்தை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் எழுத உட்கார்ந்த பிறகு எதையும் விடுவதாக இல்லை. திருவொற்றியூரில் நம் சந்து முனையில் தெரியாத ஆள் ஒருவர் வந்து, ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் போதும். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரு வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் வரும். இன்னொரு வீட்டிலிருந்து கை வைத்த நாற்காலி வரும். கண்ணாடி டம்ளர், புதுப் போர்வை, கூல் டிரிங்க்ஸ் எல்லாம் வந்து சேரும். கடைசியாக எங்கள் எதிர் வீட்டிலிருந்து உன் கழுத்துச் செயின் வரும். ஐந்து சவரன். கடலுக்குப் போன உன் வீட்டுக்காரர் திரும்பாமல் போன பிறகு, ராயபுரம் மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்து நீயே சம்பாதித்து வாங்கியது. சந்தில் பெண் பார்க்க வந்த அத்தனை பேரும் அந்தச் செயினைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வந்தவர் தலை மறைந்ததும் எல்லாம் அதது வீட்டுக்குத் திரும்பிவிடும். இதற்குப் பொய் என்று நம்மில் யாரும் பெயர் வைத்ததில்லை.

அந்த வழக்கம்தான் என் படிப்பின் கழுத்தில் கத்தி வைத்தது.

நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை நேரத்தில் டைபாய்டு வந்து படுத்ததில் இரண்டு பேப்பர் போய்விட்டது. கோடை வகுப்பில் சேர்ந்து அந்த இரண்டையும் முடித்தால் மூன்றாம் வருடத்துக்குப் போகலாம். முடிக்காவிட்டால் ஒரு வருடம் நிறுத்திவைப்பார்கள், ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்த உதவித்தொகையும் நின்றுவிடும். கோடை வகுப்புக்கோ தனிக் கட்டணம். அதுவும் நைனா போகும் படகு கரையில் ஏறி நிற்கிற மாதத்தில்! நைனா காசிமேட்டில் படகுக்குப் பெயின்ட் சுரண்டும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "இந்த வருசம் போனா போவட்டும், வூட்டோட இரு. அத்தை ஒரு எடம் சொல்லிகீது" என்றார். வீட்டோடு இருந்தால் திரும்பப் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

கோடை வகுப்புக்குத் தனியாக உதவி கேட்டு மனுப் போடலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள். தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்குமாக அலைந்து வருமானச் சான்றிதழ் வாங்கினேன். மனுவைக் கொடுத்த இடத்தில், "வீட்டுக்கு ஒருத்தர் வந்து பார்ப்பார், அவர் சொல்றதை வச்சுத்தான் முடிவு" என்றார்கள். வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்தவரிடம் கையேந்தி எழுதிப்போட்டது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தாள். "யாராண்டயும் மூச்சு வுடாதே, அக்காவாண்ட கூட" என்றாள். உன்னிடம் மறைத்த முதல் விஷயம் அது. அத்தை சொன்ன இடத்தை மட்டும் உன்னிடம் வாய் ஓயாமல் சொல்லியிருந்தாள்!

அப்புறம் என்ன, அந்த மனிதர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். சந்து முனையில் நின்று என் பெயரைச் சொல்லி, "செல்வி வீடு எது? குடும்பம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது உன்னிடம். வேறு யாரிடமாவது கேட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் உன் அளவுக்கு யாராலும் நடத்தியிருக்க முடியாது.

நான் ஜெராக்ஸ் கடையிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே என்னை மடக்கினாய். "எங்கடி ஊர் சுத்திகினு கீறே? வந்துகீறாங்க" என்று சொல்லிக்கொண்டே செயினைக் கழற்றி என் கழுத்தில் போட்டாய். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாய். "தலய குனிஞ்சிகினு போ. வாயத் தொறக்காத." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம், முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடலாம் என்றுதான் உள்ளே போனேன்.

எங்கள் வீடா அது! ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டில் நீ வறுத்த இரண்டு துண்டு வஞ்சிரம். நல்ல மனிதர், ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என்னம்மா, ரெண்டு பேப்பர் எதனால போச்சு?"

இவர் மனுவுக்காக வந்த ஆள். மாப்பிள்ளை வீட்டார் பேப்பரைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். கழுத்தில் கிடந்த செயினைக் கையால் மூடிக்கொண்டு, "சார், இது எங்களுது இல்ல சார்" என்றேன். பின்னால் நின்ற நீ கலகலவென்று சிரித்தாய். "வெக்கப்படுது சார். ஒத்தப் பொண்ணு. இவுங்களுக்கு இன்னா கொற? கேட்டத வாங்கிக் குடுக்கறாங்க!" அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நான் சொல்லச் சொல்ல நீ அதைவிடப் பெரிய குரலில் சொன்னாய். அந்தப் பேனாவைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

அவர் போனதும் உன்மேல் பாய்ந்தேன். இன்னதென்று புரிந்ததும் நீ அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாய். மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மாவைப் பார்த்து, "அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நானே என் வாயால கெடுத்துட்டேனே!" என்று கத்தினாய். அம்மாவும் கத்தினாள். ஃபேனை எடுத்துப் போக வந்தவர்கள் எடுக்காமலே நின்றார்கள். அந்த வாரம் முழுக்க உன் வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை அப்பாவோடு வரச் சொல்லிக் கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. நானும் நைனாவும் பஸ் ஸ்டாப்புக்குப் போனால் அங்கே நீ நிற்கிறாய், மீன் விற்கப் போகும் அதே புடவையில். நாங்கள் கூப்பிடவில்லை. பாரிமுனை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழி நெடுக உன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மனுவை முடிவு செய்கிற குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மையார். வஞ்சிரம் சாப்பிட்ட மனிதர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்மையார் அவர் எழுதியதைப் படித்தார். ஃபேன், நாற்காலி, உபசாரம், மாணவியின் கழுத்தில் சுமார் ஐந்து சவரன். படித்துவிட்டு நைனாவைப் பார்த்தார். நைனா புயலில் படகு ஓட்டியவர். அங்கே துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"மேடம், செயின் என்னுது" என்றாய் நீ.

"நீங்க யாரு?"

"எதுத்த வூடு."

அம்மையார் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "இங்க வர்றவங்க எல்லாருமே இப்படித்தாம்மா சொல்றாங்க. அஞ்சு சவரனைக் கழட்டி யாராவது எதிர் வீட்டுப் பொண்ணு கழுத்துல போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. நம் சந்தைப் பார்க்காதவருக்கு அதை எப்படிப் புரியவைப்பது? நைனா என் கையைப் பிடித்து, போகலாம் என்பது போல இழுத்தார். நீ மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாய். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் கொக்கியைக் கழற்றினாய். செயினை மேஜைமேல் வைத்தாய்.

"அசலு இருந்தப்பவும் குடுத்துகினுதான் இருந்தேன், மேடம். ஆனா இது அசலு இல்ல. கவரிங். வேணும்னா ஒரசிப் பாருங்க. அசலு யானகவுனி அடகுக் கடைல வெச்சி, திருப்ப முடியாம முழுகிப் போச்சு. எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப இந்தப் பொண்ணுக்காவ சொல்றேன்."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த மனிதர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ அந்த வஞ்சிரம்?"

"அது மட்டும் அசலு, சார்."

கண்ணாடிக்கார அம்மையார் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செயினை இரண்டு கையாலும் எடுத்து உன்னிடம் நீட்டி, "போட்டுக்கோங்கம்மா" என்றார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். அந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கட்டணம் முழுவதும் அவர்களே கட்டிவிடுவதாகச் சொன்னார்கள். நான் ஓவென்று அழுதேன். "சீ, பேஜார் பண்ணாத. மூக்கத் தொடச்சிக்க" என்றாய்.

திரும்பி வரும்போது பாரிமுனையில் நம் பஸ் வருவதற்கு முன்பு செயின் நேராக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாய். நைனாவிடம், "அண்ணே, இத வூட்ல சொல்லிக்காத" என்றாய். நைனா கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டே, "எத?" என்றார். அவர் வாழ்நாளில் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்பேன்.

நான் அந்த இரண்டு பேப்பரையும் முடித்தேன். மூன்றாம் வருடம் போனேன். இந்த வேலைக்கும் வந்தேன். இங்கே கூட வேலை செய்கிற ஒருவர், மகளுடைய கோடை வகுப்புக்கு மனுப் போட்டிருப்பதாகவும் வீட்டுக்கு ஆள் வரப்போவதாகவும் போன வாரம் சொன்னார். "அக்கம்பக்கத்துல முதல்ல சொல்லி வெச்சிடுங்க, வெக்கப்படாதீங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. உன் கதையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஆனால் அக்கா, நம் சந்தில் எது மூடிக் கிடந்திருக்கிறது? நான் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் முனை வீட்டுப் பெண்ணை விசாரிக்க ஆள் வந்தபோது, அவள் அம்மா நேராக உன் வீட்டுக்குத்தான் ஓடினாள். "யக்கா, உன் செயின கொஞ்சம் குடேன்." தெரிந்துகொண்டேதான் கேட்டாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே கேட்டார்கள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அம்மாவும் வந்து உன் வாசலில் நின்றாள். நீ அவளைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள். செயினை என் கழுத்தில் போட்டுவிட்டு, "பத்தரம்டி. அஞ்சு சவரன்" என்றாய். "சரிக்கா" என்றேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று எண்ணூரிலிருந்து உன் தூரத்து உறவுக்காரி ஒருத்தி வந்திருந்தாள். எப்போதோ பார்த்தவள். மாலையை விலக்கி உன் கழுத்தைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னாடி இது, ஒரு குந்துமணி தங்கம் கூட இல்லாமலா பொழச்சா?" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். முனை வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். படித்தவள் நான், வேலைக்குப் போகிறவள், வாயில் பொய் வராதவள் என்று பெயரெடுத்தவள்.

"அஞ்சு சவரன் செயினு கீது" என்றேன். "அசலு. நானே போட்டுகீறேன்."

"நானுந்தான்" என்றாள் முனை வீட்டுப் பெண். அவளுக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, "நானும்" என்றாள்.