வயலுக்கு நடுவே ஒரு நிழல்

ஐப்பசி 12, செவ்வாய்.

மூன்று மாதமாகக் கடலூர் ஆபீஸில், இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பழைய வரைபடத்தை இன்றைய நிலவரத்துக்குத் திருத்திக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அங்கே எந்த வயலுக்கு என்ன பெயர், குளம் எப்போது தூர்ந்தது, ஓடை எங்கே திரும்புகிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி. போனதுதான் இல்லை.

இன்று சர்ச்சிலிருந்து ஓடைக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு வந்தேன். பழைய வரைபடத்தில் இருக்கிறது. இப்போது விமானத்திலிருந்து எடுத்த படத்தில் உழுத வயல்தான் தெரிகிறது. டீம் லீடர் சுகந்தி அக்காவிடம் கேட்டேன்.

"படத்துல தெரியலன்னா அழிச்சிடு. அதானே ரூலு?"

அழித்து, ஃபைலையும் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் சும்மா பெரிதாக்கிப் பார்த்தேன். வயலுக்கு நடுவே, பாதை இருந்த அதே கோட்டில், ஒரு ஆளின் நிழல். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, நாய் மாதிரி.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எதுனா புதரா இருக்கும், போடி. ஒரு ஆளுக்காக ஃபைல திருப்பிக் கேப்பாங்களா?" என்றார்.

புதராகவும் இருக்கலாம். ஆனால் உழுகிறவன் நடு வயலில் புதரை விட்டுவைப்பானா? வயலுக்குச் சொந்தக்காரரே வந்து நின்றாரோ என்னவோ. நான் செய்தது சரியா என்றே புரியவில்லை.

அண்ணாகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தினமும் போல முந்திரித் தோப்புக்குள் வீட்டுக்கு நடந்தேன். எங்களுக்கு வேறு வழி கிடையாது. பாதி தூரத்தில் நின்று, மேலிருந்து படம் எடுத்தால் இந்தப் பாதை தெரியுமா என்று அண்ணாந்து பார்த்தேன்.

கிளைகள் மூடிக் கிடந்தன. ஒரு துண்டு வானம்கூடத் தெரியவில்லை.