காலி டப்பா மியூசியம்

14.9.2025, ஞாயிறு

சென்னை ஆபீஸிலிருந்து வந்த தோழிகளை இன்று செல்லையா பெரியப்பாவின் பட்டாசு மியூசியத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். அவர் வீட்டு முன்னறைதான் மியூசியம். அந்தக் காலத்து அணுகுண்டு, புஸ்வாணம், சங்குசக்கரம் எல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்கும். வீட்டில் வெடிமருந்து வைக்கக் கூடாது என்பதால் அத்தனையும் வெறும் கூடு. தெருவிலேயே முதலில் டிகிரி வாங்கியவள் என்று பெயர்ச்சீட்டுகளை அப்போது என்னைத்தான் எழுதச் சொன்னார்.

"ஒண்ணு வெடிச்சுக் காட்டுங்க அங்கிள்" என்றாள் திவ்யா.

"உள்ள மருந்து இல்ல தாயி. தூக்கிப் பாருங்க, எம்புட்டு லேசா இருக்குன்னு."

எல்லோர் முகமும் வாடிவிட்டது. அவர் குடிக்கக் கலர் எடுத்து வர உள்ளே போனார்.

"காலி டப்பா மியூசியம்" என்றேன் நான்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து என் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை. அது பிடித்துப்போய் இன்னொரு முறையும், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

திரும்பினால் கலர் பாட்டில்களோடு பெரியப்பா நின்றார். "சில்லுன்னு இருக்கையிலயே குடிங்கத்தா" என்றார். அப்புறம் என் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "பெரியப்பா போன் பண்ணுனாக. ஒன் கூட்டாளிக மியூசியத்த வாய்விட்டுச் சிரிச்சுப் பாத்தாகளாம். மனுசருக்கு அம்புட்டு சந்தோசம்!"

எதற்குச் சிரித்தார்கள் என்று பெரியப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. "ஆமாப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து படுத்தேன்.